எட்டில் ஒரு பங்கு

நெவென்கா வைத்த காப்பியை நாத்தனார் டோங்கா தொடவேயில்லை. மாமனார் ஃப்ரானே போய் மூன்று மாதம். துக்கக் கறுப்பு உடையை இருவரும் இன்னும் மாற்றவில்லை.

"எங்க வீடு கட்ட பர்மிட் வந்துடுச்சாம். ஆபீஸ்ல வந்து வாங்கிக்கச் சொன்னாங்க," என்றாள் டோங்கா. "இனிமே யாருக்கு அண்ணி அந்த வீடு? அப்பாவுக்குத்தானே பிளான்ல கீழ் ரூம் போட்டோம்? உங்க மேசையில பூதம் காத்த மாதிரி எட்டு மாசம் ஃபைலை வச்சிருந்தீங்களே... நல்லா இருங்க."

ஜன்னலோரம் நின்ற நெவென்காவின் புருஷன் யாக்ஷா வெளியே பார்த்தான். ஆர்க்கிடெக்ட் அவன். ஸ்ப்ளிட் நகரத்தில் பேர் பெற்றவன். வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை.

நெவென்காவின் வேலை உங்களுக்குத் தெரிய வேண்டும். புருஷன் போடும் ஒவ்வொரு பிளானையும் நகர அலுவலகத்துக்குப் போகுமுன் அவள்தான் பார்ப்பாள். முதலில் நிலப் பதிவேட்டைத் திறப்பாள். செத்தவர்கள், கப்பலேறிப் போனவர்கள் எல்லாம் நம் பக்கத்தில் அதில் இன்னும் உயிரோடு இருப்பார்கள். அவர்கள் பங்குக்கு வாரிசுகளின் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல் வைக்க முடியாது. மற்ற ஆர்க்கிடெக்டுகளும் மாலையில் வந்து, "கொஞ்சம் பாத்துக் குடுங்கம்மா" என்று நிற்பார்கள். அவள் பார்த்தது திரும்பி வந்ததில்லை.

"உன் பிளானா பாஸாகுது? உன் பெண்டாட்டிதான் பாஸாகுறா," என்று யாரோ சிரித்தது யாக்ஷாவுக்குச் சுருக்கென்று பட்டது. தங்கை வீட்டு ஃபைலை நெவென்காவிடம் காட்டாமலே அலுவலகத்தில் கொடுத்துவிட்டான். பதிவேட்டில் பெரினா அத்தை இருந்தாள். அறுபது வருஷத்துக்கு முன் சிலி நாட்டுக்குப் போனவள், மனையில் எட்டில் ஒரு பங்கு அவள் பேரில். ஃபைல் திரும்பி வந்தது.

அன்றிரவே அப்பா கேட்டபோது, "நெவென்காகிட்ட இருக்கு," என்று சொல்லிவிட்டான்.

அவள் மறுக்கவில்லை. புருஷன் பேர் கெட வேண்டாமே என்று ஃபைலை வாங்கிக்கொண்டு, சிலிக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினாள். பெரினா அத்தையின் பேத்திகளைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க எட்டு மாதமாயிற்று.

அதற்குள் கிழவருக்கு முழங்கால் விட்டுப்போனது. அவர் இருந்தது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தரையில் கால் வைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசையே அவருக்கு இல்லை. "என்னைச் சிறை வச்சவ கையால எனக்கு ஒண்ணும் வேண்டாம்," என்று அவள் நீட்டிய மீன் சூப்பைத் தள்ளினார். கடைசிவரை தள்ளினார். அந்தப் படியில் அவர் இறங்கியது பெட்டிக்குள்தான்.

டோங்கா அலுவலகத்துக்குப் போய் மத்தியானம் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, அந்தக் கவுன்டர்ல இருக்கற அம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? 'நெவென்கா பாத்திருந்தா இது திரும்பியே வந்திருக்காதே, ஏன் காட்டாம விட்டீங்க'ன்னாங்க. திருப்பி அனுப்புன தாளைக் காட்டினாங்க. வாங்கிக்கிட்ட கையெழுத்து உன்னுது."

யாக்ஷா நாற்காலியில் சரிந்தான். "ஒரு நாள் சொல்லிடலாம்னுதான் இருந்தேன்... அப்புறம் அப்பா போயிட்டாரு."

"எட்டு மாசமாடா?" டோங்கா நெவென்காவைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். "என்ன பேச்சுப் பேசினேன் அண்ணி... ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

நெவென்கா அவள் தலையைத் தடவினாள். "சொல்லியிருக்கணும்டி. இவர் மானத்தைக் காப்பாத்தப் போய் அந்த மனுஷன் மனசை நோக விட்டுட்டேன். அவர் என் கையால ஒரு வாய் சாப்பிட்டிருப்பாரு. அந்தத் தப்பு என்னுது."

"என்னை மன்னிச்சிடு," என்றான் யாக்ஷா.

"மன்னிச்சாச்சு. மாமாகிட்ட யார் சொல்றது?"

சாயங்காலம் மூவரும் கல்லறைக்குப் போனார்கள். நெவென்கா வாசலிலேயே நின்றுகொண்டாள். யாக்ஷா பர்மிட் தாளைக் கையில் பிடித்துக் கல் முன்னால் நின்றான்.

"அப்பா, அன்னிக்கு நீங்க கேட்டப்ப ஃபைல் அவகிட்ட இல்ல. என்கிட்ட இருந்துச்சு."

கேட்க வேண்டியவரைத் தவிர எல்லாருக்கும் கேட்டது.