கரடி செய்யும் வேலை

ராஜபாளையத்துப் பள்ளித் தோட்டத்தில் அன்று ஒரே கும்மாளம். செண்பகத்தோப்புக் காட்டோரம் பொறுக்கி வந்த விதைகள் பைகளில் முளைத்துவிட்டன. விமலின் நாவல் கன்றுக்கு நாலு இலை. கேட்க வேண்டுமா அவன் பெருமையை!

ஷிஃபாவின் பையில் மட்டும் வெறும் மண்.

"கொட்டிருவோமா ஷிஃபா? வாற மாசம் சுவரோரம் கன்று நடணும்ல. உனக்கு வேற வாங்கிக்கலாம்," என்றார் ஞானபாக்கியம் டீச்சர்.

ஷிஃபாவுக்கு அழுகை முட்டியது. அவள் போட்டிருந்தது சரக்கொன்றை விதை. வகுப்பு ஜன்னலுக்கு நேரே மஞ்சள் மஞ்சளாய்ச் சரம் தொங்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டாள்!

"அம்புட்டும் செத்துப் போச்சு டீச்சர். என் இன்னொரு பையும் அப்படித்தான்," என்று விமல் அதைக் கவிழ்த்தான். முளைக்காத நாவல் விதைகள் பூசணம் பிடித்துக் கொழகொழவென்று விழுந்தன. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.

ஷிஃபாவும் தன் பையைக் கொட்டினாள். கொன்றை விதைகள் புதுசு போலவே பளபளத்தன. ஒன்றை எடுத்துக் கல்லில் தட்டினாள். டக், டக்!

"டீச்சர், செத்திருந்தா இதுவும் அழுகியிருக்கும்ல? இது சாகல. ஓடு கெட்டி, தண்ணி உள்ள போகல!"

"எப்படிச் சொல்லுத?" என்றான் விமல்.

"காட்டுல கரடிச் சாணி கிடந்துச்சுல்ல? நீங்க எல்லாம் ஓடிட்டிய. நான் குனிஞ்சு பாத்தேன். அதுல இதே விதை முளை விட்டிருந்துச்சு. மரத்தடியில கிடந்தது முளைக்கல. கரடி வயித்துக்குள்ள போய் ஓடு தேஞ்சிருக்கும்!"

"அப்போ கரடியை பஸ்ல ஏத்திக் கூட்டிட்டு வா!" என்றான் விமல்.

வகுப்பே சிரித்தது.

"எதுக்கு? நானே கரடி," என்றாள் ஷிஃபா. "கொஞ்ச நாள் பொறுங்க டீச்சர்."

டீச்சர் சரி என்றார்.

மாலையில் நேராக அப்பாவின் மரப்பட்டறைக்கு ஓடினாள். "அத்தா, உப்புத்தாள் வேணும்."

"எதுக்குமா?"

"கரடி வேலைக்கு!"

அத்தா சிரித்துக்கொண்டே ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார். மரத்தை வழவழப்பாக்கும் அந்தச் சொரசொரத் தாளில் ஒவ்வொரு விதையின் ஓரத்தையும் தேய்த்தாள். விரல் எரிந்தது. விடவில்லை. ஒன்றை மட்டும் தேய்க்காமல் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டாள்.

காலையில் பார்த்தால், தேய்த்த விதைகள் எல்லாம் உப்பியிருந்தன. தேய்க்காத ஒன்று மட்டும் அப்படியே கிடந்தது.

"அத்தா! தண்ணியைக் குடிச்சிருச்சு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

விதைகளை மறுபடி பையில் ஊன்றினாள். தினமும் போய் எட்டிப் பார்த்தாள். ஒரு நாள் மண் வெடித்திருந்தது. வெடிப்பில் ஒரு குட்டிப் பச்சைத் தலை!

"முளைச்சிருச்சு!"

டீச்சர் கையில் சாக்பீஸோடு ஓடி வந்தார். "அட என் ராசாத்தி! ஜன்னலுக்கு நேரே உன் கொன்றைதான்!"

விமல் மெல்லப் பக்கத்தில் வந்தான். விளையாட எடுத்து வைத்திருந்த கொன்றை விதைகளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். "ஏ கரடி, எனக்கும் தேய்ச்சுக் குடேன்."

ஷிஃபா இடுப்பில் கை வைத்து 'உர்ர்ர்' என்று உறுமினாள். "உப்புத்தாள் தாரேன். நீயே கரடி ஆகிக்கோ!"

மறுநாள் வகுப்பு முழுக்கக் கரடிகள்தான்.