கிறிஸ்துராஜ் பூட்டனாரின் இன்னொரு மகன்

"ஏன் அண்ணாச்சி, எங்க பூட்டனாருக்கு இல்லாத மகனச் சேத்துவிடுதது நீங்கதானா?"

கோவில்பட்டி நூலகத்துக் கம்ப்யூட்டர் அறையே திரும்பிப் பார்த்தது. இணையத்தில் வம்சாவளி தேடக் கற்றுத்தரும் சனிக்கிழமை வகுப்பு அது. பிரிஸ்கில்லாவுக்குப் பக்கத்துத் திரையில் அவளுடைய தாத்தாவின் அப்பா, பூட்டனார் கிறிஸ்துராஜ் மீசையோடு முறைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே ஜேம்ஸ்ராஜ் என்றொரு மகன். அவள் அழிக்க அழிக்க, யாரோ மறுபடி மறுபடி சேர்த்துவந்த பெயர்!

அந்த யாரோ நிமிர்ந்தான். அப்பப்பா... என்ன கண்கள்! அவளுக்குப் பாதிச் சண்டை மறந்துபோயிற்று.

"ஜேம்ஸ்ராஜ் எங்க தாத்தா. பூட்டனார் வீட்டுலதான் இருந்தாவ. மகன் இல்லன்னா பெறவு யாராம்?" என்றான் ஜோபின். மணியாச்சியில் ரயில்வே வேலை அவனுக்கு.

"அவியளுக்கு ஒரே மகன்தான். எங்க தாத்தா!"

சுகுணா டீச்சர் சிரித்தார். "மொதப் பாடம் என்ன? நெட்டுல தேடுததுக்கு முந்தி வீட்டுப் பெரியவியகிட்ட கேளுங்க."

வெளியே மழை... கரிசல் அப்பிச் செருப்பு கனத்தது. பஸ் ஸ்டாண்டு வரை அவன்தான் குடை பிடித்தான். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் சண்டை டீக்கடை வரை நீண்டது.

விளாத்திகுளம் பஸ்ஸில் ஒருநாள் அவளுக்குச் சுரீரென்றது. அவன் சொல்வது சரியென்றால்... இருவரும் மகன் வழிப் பிள்ளைகள். பங்காளி. அவன் அவளுக்கு அண்ணன் முறை!

அப்பாவிடம் கேட்டாள். "கயத்தாறு போன ஆளுக பேச்ச எடுக்காத" என்று எழுந்து போய்விட்டார். அந்த வாரம் அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

"அவிய மகனாவே இருக்கட்டும் அண்ணாச்சி. இனிமே அழிக்கல... நானும் இனி வரல." சனிக்கிழமை அவள் குரல் உடைந்தது.

ஜோபின் பதறிப்போய் அந்த மகனைத் தானே அழித்தான். பூட்டனாருக்குச் சந்தனமேரி என்று ஒரு மகளைச் சேர்த்து, அவள் கணவனாக ஜேம்ஸ்ராஜை எழுதினான்.

"வீட்டோட மாப்பிள்ளையாம். மாமனார்கிட்ட கோவிச்சுக்கிட்டு கயத்தாறு போயிட்டாவ. மொத வாரமே எங்க அப்பாட்ட கேட்டேன், சொல்லிட்டாவ..."

"பெறவு ஏன் மாத்தல?"

"மாத்திட்டா... நீங்க சண்டைக்கு வரமாட்டீங்கல்லா."

"அண்ணன் மொறன்னு நெனச்சு நான் அழுது தீத்திருக்கேன்!"

"எதுக்கு அழணும்?"

"புடிச்சிருக்கு... அதான்!" சொல்லியே விட்டாள். முகம் சிவந்துபோயிற்று.

"எனக்கும்தான் பிரிஸ்கில்லா... அந்த மொதச் சண்டையிலயே."

"எங்க அப்பா கயத்தாறுன்னாலே எந்திரிச்சுப் போயிருதாவ..."

"எங்க அப்பா வாசல்ல நின்னு, 'மச்சான், வந்திருக்கேன்'னு கூப்பிட்டா? வரவேற்க எந்திரிச்சுதான ஆவணும்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி... கூட்டிட்டு வாங்க அத்தான்."