சோலார் தகட்டுக்குச் சந்தனப் பொட்டு

"ஓர் ஊரில் வெயில் கொளுத்துகிறது. பக்கத்து ஊரில் மழை கொட்டுகிறது. இரண்டு ஊரிலும் சோலார் விளக்குதான். மழை ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்?"

சுகுமாரன் சார் காஞ்சனாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

காஞ்சனாவுக்குப் பதில் தெரியும். ஆனால் எழுந்து நின்றால் போதும், அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். மேசையைப் பார்த்தபடி முணுமுணுத்தாள்: "வெயில் ஊர்லேர்ந்து கம்பி இழுத்து வாங்கிக்கலாம்."

அது பக்கத்தில் இருந்த ஷாமளாவின் காதில் மட்டும் விழுந்தது.

"சார்! வெயில் ஊர்லேர்ந்து கம்பி இழுத்து வாங்கிக்கலாம் சார்!" என்று ஷாமளா துள்ளி எழுந்தாள்.

"சபாஷ்!" என்றார் சார். "லாவோஸ் ஆத்துத் தண்ணியில எடுத்த கரண்ட், தாய்லாந்து தாண்டி, மலேசியாவுல நம்ம கெடா வழியா வந்திருக்கு தெரியுமா? அக்கம்பக்கத்து நாடுங்க ஒண்ணா சேந்தாதான் இது முடியும். சரி, மெர்கோங்ல நடக்கப்போற சோலார் கண்காட்சிக்கு நம்ம பள்ளிக்கு ஷாமளாதான் தலைவி. காஞ்சனா, நீ கூட இருந்து உதவி பண்ணு."

காஞ்சனாவின் வயிற்றில் மிளகாயை அரைத்துக் கொட்டியதுபோல் இருந்தது.

அவர்களுடைய பள்ளி கரங்கானுக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்தது. ஷாமளாவின் அப்பாவுக்குக் கரங்கான் டவுனில் மளிகைக் கடை. அவர்கள் வீட்டுக் கூரையில் பெரிய சோலார் இருக்கிறது. ஷாமளாவிடம் மணிக்கூண்டு போல ஒலிக்கிற குரலும் இருக்கிறது. இப்போது காஞ்சனாவின் பதிலும் அவளிடம்தான் இருக்கிறது!

மூன்று வாரம் வேலை நடந்தது. காஞ்சனாவின் அப்பா முனியாண்டி, தோட்டத்து ஆலையில் கரண்ட் வேலை செய்பவர். அவரிடம் பார்த்துப் பழகியதால் காஞ்சனாவுக்குக் கம்பி முடுக்குவது கை வந்த கலை. அட்டையில் பத்து வீடுகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி விளக்கு வைத்தாள். எல்லா விளக்குக்கும் ஒரே பேட்டரி. பேட்டரியை நிரப்ப ஒரு சோலார் தகடு.

ஷாமளா வீடுகளுக்கு வண்ணம் அடித்தாள். பேச்சை மனப்பாடம் செய்தாள்.

"நீ கம்பியைத் தொட்டா அது உன் பேச்சைக் கேக்குதுலா. நான் தொட்டா அறுந்து போவுது," என்றாள் ஒருநாள்.

'பேச்செல்லாம் உன்கிட்டதானே இருக்கு' என்று காஞ்சனா மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள்.

கண்காட்சிக்கு மூன்று நாள் முன்பு பள்ளியில் ஆயுத பூஜை வந்தது. புத்தகங்கள், கணினி, நகலெடுக்கும் இயந்திரம் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு. பாக்சிக் என்று எல்லோரும் அழைக்கும் மலாய்க் காவலாளியின் மோட்டார் சைக்கிளும் தப்பவில்லை. அவர் சிரித்துக்கொண்டே அதற்கு ஒரு மாலையும் கேட்டு வாங்கிப் போட்டார்.

"நம்ம சோலாருக்கு?" என்றாள் ஷாமளா. குழைத்த சந்தனத்தை வழித்து, தகட்டின் நடுவில் தோசை அளவுக்கு ஒரு பொட்டு வைத்தாள். அதன்மேல் குங்குமம். நாலு மூலைக்கும் நாலு பொட்டு.

காஞ்சனாவுக்குத் திக்கென்றது. தகட்டில் ஒரு கட்டத்தை மறைத்தாலும் முழுத் தகடும் சோர்ந்துவிடும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். பூஜைப் பொட்டையோ யாரும் துடைக்க மாட்டார்கள். அதுவாக உதிரும் வரை அப்படியேதான் இருக்கும்.

சொல்லிவிடலாமா?

'அவதானே தலைவி. அவளுக்கே தெரியட்டும்.'

வாயை இறுக மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை வேன் மெர்கோங் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. கெடா, பெர்லிஸ் பள்ளிகளோடு எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு தாய்லாந்துப் பள்ளியும் வந்திருந்தது. ஒவ்வொரு பள்ளியும் தன் வீடுகளுக்குத் தானே விளக்கேற்ற வேண்டும். கடைசியில் எல்லாப் பள்ளிகளையும் ஒரே கம்பியில் இணைப்பார்கள். தகடுகள் வெளியே புல்தரையில் வரிசையாகக் கிடந்தன. பொட்டு வைத்த தகடு ஒன்றே ஒன்றுதான்.

ஷாமளா கூட்டத்தைப் பார்த்துக் கணீரென்று பேசினாள். "இதோ, எங்கள் தோட்டத்தில் வெளிச்சம் வருகிறது!"

பொத்தானை அழுத்தினாள்.

பத்து வீடுகளும் மின்மினிப் பூச்சிபோல ஒருமுறை மினுங்கின. பிறகு இருட்டு.

மீண்டும் அழுத்தினாள். ஒன்றும் இல்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். மணிக்கூண்டுக் குரல் அடைத்துப் போயிற்று. தொண்டை அடைத்தால் எப்படி இருக்கும் என்று காஞ்சனாவுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த நிமிடத்துக்காகத்தானே மூன்று நாளாகக் காத்திருந்தாள்? ஆனால் சந்தோஷம் வரவில்லை. மிளகாய் எரிச்சல்தான் இன்னும் கூடியது.

பக்கத்து மேசையில் தாய்லாந்துப் பள்ளியின் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. அங்கே நின்ற பெண்ணின் சட்டையில் 'சுரைதா' என்று பெயர் இருந்தது. எல்லையோரத் தாய்லாந்தில் பலரும் பேசுவதுபோல, அவள் தன் தோழியிடம் மலாயில் பேசுவது காஞ்சனாவுக்குக் கேட்டது.

காஞ்சனா நடந்தாள். நான்கு எட்டுதான். நாற்பது எட்டுபோல இருந்தது.

"போலே பாகி ஆப்பி சிகிட்?" என்று கேட்டாள். கொஞ்சம் கரண்ட் தருகிறாயா என்றுதான் மலாயில் கேட்டாள். அவ்வளவு பேருக்கு நடுவில் தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

சுரைதா இருண்ட வீடுகளைப் பார்த்தாள். ஷாமளாவின் முகத்தைப் பார்த்தாள். "போலே!" என்று சிரித்தபடி தன் கம்பியை நீட்டினாள்.

காஞ்சனா தங்கள் பேட்டரியைக் கழற்றினாள். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. இரண்டே முடுக்கு.

பத்து வீட்டிலும் விளக்கு எரிந்தது! சிரித்தவர்களே கை தட்டினார்கள்.

காஞ்சனா உடனே புல்தரைக்கு ஓடினாள். ஷாமளாவும் பின்னாலேயே ஓடி வந்தாள். காஞ்சனா ஈரத்துணியால் தகட்டை நனைத்துத் தேய்க்கப் போனபோது ஷாமளா பதறினாள்.

"ஏய், சாமிப் பொட்டு! துடைக்கக் கூடாதுலா!"

"துடைக்கல. எடம் மாத்துறேன்." காஞ்சனா ஊறிய சந்தனத்தை விரலால் எடுத்து, தகட்டின் அலுமினியச் சட்டத்தில் சின்னதாக அப்பினாள். "ஓரத்துல உக்காந்தா சாமி கோவிச்சுக்காது." மிச்சத்தைத் தன் நெற்றியிலும் ஷாமளாவின் நெற்றியிலும் வைத்தாள்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "பொட்டு வச்சா கரண்ட் கொறையும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். வேணும்னேதான் சொல்லல."

ஷாமளா அவளையே பார்த்தாள். பிறகு ஈரத்துணியை வாங்கி, நாலு மூலைப் பொட்டையும் அவளே ஓரத்துக்கு மாற்றினாள்.

நண்பகல் வெயில் தகட்டில் சுள்ளென்று அடித்தது. பேட்டரி மெல்ல நிறைந்தது. பிற்பகலில் மண்டபத்தின் நிழல் நீண்டு தாய்லாந்துத் தகட்டின்மேல் விழுந்தபோது, சுரைதாவின் விளக்குகள் மங்கின. காஞ்சனா கேட்காமலே கம்பியை நீட்டினாள்.

"தெரிமா காசே!" என்று நன்றி சொன்ன சுரைதா, ஒரு பொட்டலம் புளி மிட்டாயை அவள் கையில் திணித்தாள்.

கடைசியில் எல்லா மேசைகளும் ஒரே கம்பியில் இணைந்தன. மண்டபமே நீண்ட விளக்குத் தெருவாக மாறியது. கண்காட்சியை நடத்திய அம்மா கரங்கான் பள்ளியை மேடைக்கு அழைத்தார். இருவரும் ஏறியதும் ஷாமளாவின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார்.

"நாங்க இணைக்கறதுக்கு முன்னாடியே கம்பியை இணைச்ச பள்ளி உங்களோடது. ஓர் ஊர்ல வெளிச்சம் இல்லேன்னா பக்கத்து ஊர்லேர்ந்து வாங்கிக்கலாம்கிற யோசனையை முதல்ல சொன்னது யாரு?"

கீழே சுகுமாரன் சார் பெருமையோடு ஷாமளாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஷாமளா ஒலிவாங்கியை வாய்க்கு அருகே கொண்டுபோனாள். திரும்பிக் காஞ்சனாவைப் பார்த்தாள். அவள் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

பிறகு ஒலிவாங்கியைக் காஞ்சனாவின் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்க வைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கிப் போனாள்.