மேனேஜர் பக்கம்

கோட்டுக்கு அந்தப் பக்கம் தரை சூடாக இருந்தது.

வக்கீலம்மா காலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். வெயில் பட்ட சூடு இல்லை. அந்தப் பின்அறை ஜன்னலுக்கு நேர் எதிரே அடுத்த வீட்டுச் சுவர், வெயில் அங்கே எட்டிப் பார்த்ததே கிடையாது. யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியில் போய் உட்கார்ந்தால் கீழிருந்து ஏறுமே, அந்த மாதிரி சூடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் டைல்ஸ் சில்லென்று இருந்தது. கையில் மடித்த குழந்தைத் துணிகளோடு, ஒரு கால் சில்லிட, ஒரு கால் வெதுவெதுக்க, அவள் அப்படியே நின்றாள்.

"என்னடி சிலை மாதிரி நிக்கற? மேனேஜர்கிட்ட கேட்டியா?" என்று ஹாலிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"மேனேஜர் சார், துணிய வச்சுட்டுப் போயிடறேன்" என்று முணுமுணுத்துவிட்டு, தொட்டிலில் துணிகளைப் போட்ட வேகத்தில் வெளியே வந்து விழுந்தாள்.

அந்த வீட்டில் மேனேஜர் என்று யாரும் இல்லை. அப்பா அம்மாவுக்கு வெளியூரில் வேலை; அக்கா, அத்தான், இங்கே தங்கிப் படிக்கிற அவள், ஆக மூன்றே பேர். எதற்கெடுத்தாலும் வாதாடுகிறாள் என்று பதினாறு வயதுப் பெண்ணுக்கு வக்கீலம்மா என்று பட்டம் கட்டியதும் அத்தான்தான், இல்லாத மேனேஜரை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் அத்தான்தான்.

அத்தான் தையல்காரர். பள்ளிக்கூட யூனிஃபார்ம்களை மொத்தமாக எடுத்துத் தைப்பவர். லோன் போட்டு வீட்டை வாங்கிய அன்றைக்கே, துணியில் குறி போடுகிற நீலச் சாக்கை எடுத்து வாசல் கதவுக்குச் சற்று உள்ளே தரையில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். "இதுவரைக்கும் நம்ம வீடு. அந்தப் பக்கம் பூரா பேங்க் மேனேஜர் வீடு. அவர் வீட்டுல நாம இருக்கோம், மரியாதையா நடந்துக்கணும்." கையில் கொஞ்சம் சேரும்போதெல்லாம் தவணைக்கு மேலே கட்டுவார். கட்டிய அன்று பழைய கோட்டைத் துடைத்துவிட்டு, இஞ்ச் டேப் வைத்து அளந்து, புதுக் கோட்டை உள்ளே தள்ளிப் போடுவார். விளையாட்டுதான். ஆனால் அந்த விளையாட்டை யாரும் ஒருநாள்கூட மறந்ததில்லை. சமையலறை அந்தப் பக்கம் இருந்த காலத்தில் "சார், தண்ணி குடிச்சுக்கறேன்" என்று சொல்லாமல் அக்கா டம்ளரைத் தொட்டதில்லை. குளியலறைக்குப் போகும்போதெல்லாம் அத்தான் "சார், அவசரம் சார்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். பதில் வந்ததில்லை. பதில் வராததால்தான் சிரிப்பு வந்தது.

அக்கா உண்டானதும் கோடு வேகமாக நகர ஆரம்பித்தது. பிரசவத்துக்குப் பிறகு அவளால் மருந்துக்கடை வேலைக்குப் போக முடியாது; அதற்குள் லோனை முடித்துவிட வேண்டும் என்று அத்தான் மெஷினை மிதியோ மிதியென்று மிதித்தார். "என் பிள்ளை கடன் இல்லாத வீட்லதான் கண்ணு முழிக்கணும்." ஹால் நம்முடையதானது. சமையலறை, படுக்கையறை, குளியலறை எல்லாம் நம்முடையதானது. மேனேஜருக்கு மிச்சம் இருந்தது பின்அறை மட்டும், அதிலும் பாதி. குழந்தைக்கென்று ஒதுக்கிய அறை.

தரை சுட்ட அன்று இரவு பாயில் படுத்துக்கொண்டு ஹாலை உற்றுக் கேட்டபோதுதான் வக்கீலம்மாவுக்கு ஒன்று உறைத்தது. வீடு வாங்கிய புதிதில் இந்த ஹாலில் ராத்திரி எத்தனை சத்தம்! கதவு நிலை டக்கென்று தெறிக்கும், அலமாரிப் பலகை முனகும், மின்விசிறிக் கொக்கி கிர்ரென்னும், சுவருக்குள் எங்கேயோ மணல் சரிகிற மாதிரி இருக்கும். பழைய வீடு அப்படித்தான் என்று மூன்று பேரும் பழகியிருந்தார்கள். இப்போது ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. பஞ்சடைத்த மாதிரி இருந்தது. சமையலறையிலும் இல்லை. அந்தத் தெறிப்பு, அந்த முனகல், அந்தக் கிர்ர், அந்த மணல் எல்லாம் ஒன்றுவிடாமல் பின்அறையிலிருந்து வந்துகொண்டிருந்தன, கூட்டமான பஸ்ஸில் பின்னால் போ பின்னால் போ என்று தள்ளிக்கொண்டே வந்ததில் கடைசி சீட்டுக்குப் பின்னே மூச்சுத் திணற நெருக்கியடித்து நிற்கிறவர்கள் மாதிரி, ஒன்றின்மேல் ஒன்றாக, இடைவெளியே இல்லாமல்.

மறுநாள் மாலை சட்டையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தான், பின்ரூம் தரை சுடுது."

"அடியில பைப்பு போகுதோ என்னமோ."

"வெந்நீர் பைப்பே இந்த வீட்ல கிடையாது. அதுவும் கோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் எப்படிச் சுடும்?"

அத்தான் ஊசியை நிறுத்தினார். ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில், அவரும் கால் வைத்துப் பார்த்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

"வக்கீலம்மா, இங்க பாரு" என்று குரலைத் தாழ்த்தினார். "உங்கக்காவுக்கு பிரஷர் ஏறவே கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? ஏறினா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. சூடு கீடுன்னு அவ காதுல விழுந்துச்சு, உன்னை மூட்டை கட்டி அனுப்பிடுவேன். கடைசித் தவணையும் கட்டிட்டா கோடே இருக்காது. புரியுதா?"

"கோடு இல்லன்னா அது எங்க போகும் அத்தான்?"

"எது?"

அவள் பின்அறைப் பக்கம் பார்த்தாள். அவர் ஊசியை மறுபடி துணியில் ஏற்றினார்.

கடைசிப் பணத்தைக் கட்டிவிட்டு அத்தான் வந்தபோது கையில் ஒரு கேக் பெட்டி, கக்கத்தில் பத்திரக் கவர், முகத்தில் மூன்று வருஷத் தூக்கம். செருப்பைக் கழற்றக்கூட இல்லை. நேராகப் பின்அறைக்குப் போய் ஈரத்துணியால் கோட்டைத் தேய் தேய் என்று தேய்த்தார். அக்கா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிலைப்படியில் நின்று சிரித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் வக்கீலம்மா.

கோடு போனது. அப்புறம் அத்தானின் கை, அதுபாட்டுக்கு, சட்டைப் பையிலிருந்து சாக்கை எடுத்தது. தொட்டில் ஒட்டிக் கிடந்த பின்சுவரின் ஓரமாக, சுவரை விட்டு இரண்டு விரல் தள்ளி, நீளமாக ஒரு கோடு போட்டது.

"என்னங்க இது? அதான் முடிஞ்சுடுச்சே!" என்றாள் அக்கா.

அத்தான் தன் கையையே பார்த்தார். அசடு வழிந்தார். "அட, பழக்கதோஷம். ஒட்ட வெட்டி எனக்குப் பழக்கமே இல்லையே. வளர்ற பிள்ளைங்க துணி, பின்னாடி பிரிச்சுவிட இடம் வேணாமா? எதுக்கும் ரெண்டு விரல் விட்டுத்தான் கை நிக்கும்."

"பாவம், விடுங்க. மேனேஜரும் எங்கயாவது நிக்கணும்ல."

"நிக்கட்டும், நிக்கட்டும். ஒருக்களிச்சு நிக்கட்டும்."

"ரெண்டு விரல்ல எப்படி நிப்பாரு?" அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குலுங்கிய வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து, வீட்டுக்கு வந்தவர்களை உபசரிக்கிற குரலில் சொன்னாள்: "சார், இடம் பத்தலன்னா கூச்சப்படாம சொல்லுங்க. நம்மகிட்ட இல்லாத இடமா? பாத்துக் குடுத்துடறோம்."

அந்த அறையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அத்தனை சத்தமும் ஒன்றாக நின்றது.

அக்கா கவனிக்கவில்லை. அத்தான் கவனித்தார், கேக் பெட்டியின் நூலைப் பிரிக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வக்கீலம்மாவுக்கு வாய்வரை வந்துவிட்டது. வேண்டாம்னு சொல்லுக்கா, சொன்னதத் திரும்ப வாங்கிக்கோ. ஆனால் ஏன் என்று அக்கா கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் பிரஷர் ஏறும். வாதாடுவதற்கென்றே பட்டம் வாங்கிய பெண், கேக்கை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். பின்அறையில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நிசப்தம்தான் தாங்க முடியாததாக இருந்தது; சத்தம் இருந்தவரைக்கும் அது எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்தது. கடைசியில் எழுந்து, சுவரைத் தடவித் தடவிப் பின்அறைக்குப் போனாள். விளக்கைப் போட்டாள். தொட்டில், மடித்த துணி, பொம்மை போட்ட கொசுவலை, எல்லாம் வைத்தது வைத்தபடி. மண்டியிட்டு, தொட்டிலுக்கு அடியே கையை நீட்டி, கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த அந்த இரண்டு விரல் இடத்தில் விரலை வைத்தாள்.

சில்லென்று இருந்தது.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். போய்விட்டது. அத்தான் சொன்னது சரிதான். லோன் முடிந்தது, அதுவும் போய்விட்டது. மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் அடுத்த நினைப்பு வந்தது.

எங்கே?

சமையலறைத் தரையில் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. குளியலறை. ஹால். வாசல் கதவின் ஓரம். எல்லாம் சில்லென்று. நாய்போல நாலு காலில் ஊர்ந்து ஒவ்வொரு டைல்ஸாகத் தொட்டாள். வீடு முழுக்க அவர்களுடையதாக இருந்தது. வீடு முழுக்க.

படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே இஸ்திரி போட்ட ஈரத்துணி வாசம். அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பி, அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். மல்லாந்து படுக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தும். நைட்டி மார்புவரை சுருண்டிருந்தது. தெருவிளக்கு வெளிச்சம் வயிற்றின்மேல் விழுந்தது.

வயிற்றில் ஒரு கோடு.

நீலமாக. அடிவயிற்றில், குறுக்கே, இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புவரை.

நரம்பு என்று நினைத்தாள். நரம்பு இவ்வளவு நேராக ஓடாது. அத்தான் விளையாடியிருக்கிறார் என்று நினைத்தாள். இந்த நேரத்தில் போய் விளையாட்டு. கோபம் வந்தது. கோபம் வந்தது நிம்மதியாகக்கூட இருந்தது. கட்டைவிரலை நாக்கில் நனைத்து, அக்கா விழித்துவிடாமல், மெதுவாக, தேய்த்தாள்.

போகவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். விரலில் சாக் இல்லை. தூள்கூட இல்லை. மறுபடி வைத்தாள். தோல் வழுக்கி அசைந்தது. கோடு அசையவில்லை.

கோடு தோலுக்கு மேலே இல்லை.

"அத்தான்." குரல் வரவில்லை. "அத்தான்." காற்றுதான் வந்தது.

கோட்டுக்குக் கீழே வயிறு கொதித்தது. மேலே, சில்லென்று. அக்கா முனகினாள். கண் திறக்கவில்லை. அடுத்த சீட்டுக்காரருக்கு நகர்ந்து உட்காருவதுபோல, தூக்கத்திலேயே, மரியாதையாக, உடம்பை ஒதுக்கிக்கொண்டாள்.

கீழே இருந்த கோடு மங்கியது. துடைத்த மாதிரி. யாரோ உள்ளிருந்து துடைத்த மாதிரி.

தோல் ஓர் இடத்தில் புடைத்தது. தொப்புளுக்கு மேலே. குழந்தையின் குதிகால் இல்லை. தட்டையாக. மெல்லிசாக. ஓரம் தேய்ந்த ஒரு சாக் துண்டின் அளவுக்கு.

அது நகர ஆரம்பித்தது. அவசரமில்லாமல், அளந்து, இடமிருந்து வலமாக.

அது போன வழியெல்லாம் நீலம்.