பச்சை ஒயர்

சக்கரபாணி என் ரிப்பேர் கடைக்கு வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. மைன்ஸ் பஸ் செகண்ட் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வடக்குத்துத் தெருவில் வெயிலும் கரித்தூசியும்தான் மிச்சம்.

போர்வையில் சுற்றிய கீபோர்டை மேசையில் வைத்துப் பிரித்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அது அறிவழகனுடையது.

அறிவழகன் மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. விடுமுறை நாட்களில் சக்கரபாணியின் இசைக்குழுவில் கீபோர்டு வாசிப்பான். போன பங்குனியில் முத்தாண்டிக்குப்பம் மேடையில், பாட்டின் நடுவே ஷாக்கடித்துச் செத்துப்போனான். அன்று மேடை மழையில் நனைந்திருந்தது. ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று இரைந்துகொண்டே இருந்ததால், கீபோர்டின் பிளக்கைத் திறந்து, ஷாக்கடிக்காமல் காக்கும் எர்த்தின் பச்சை ஒயரைக் கழற்றச் சொன்னவர் சக்கரபாணி. கழற்றியவன் நான். “வேணாங்க” என்று அறிவழகன் எங்களிடம் கெஞ்சியும் பார்த்தான்.

மறுநாள் போலீஸிடமும் அவன் மனைவி செந்தாமரையிடமும், கழற்றியது அவனேதான் என்று இருவரும் ஒரே வாயாகச் சொன்னோம். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்?

இப்போது அந்தக் கீபோர்டை யார் தொட்டாலும் அதே பாட்டு தானாக ஓடுகிறதாம். அவன் விழுந்த இடம் வந்ததும் நின்றுவிடுகிறதாம். நாளைக்குச் சேத்தியாத்தோப்பில் கச்சேரி. புதுப் பையன் உட்காரவே மாட்டேன் என்கிறானாம்.

உள்ளே பேட்டரியைச் சால்டர் பண்ணி வைத்திருக்கிறார்கள், அதை எடுத்தால் மெமரி முழுக்க அழிந்துவிடும், அதனால் முதலில் காப்பி எடுத்துக்கொள்வதுதான் வழக்கம் என்றேன்.

“எதையும் எடுத்து வெக்காத செங்குட்டு. அவன் ஏத்தினது ஒண்ணுகூட இருக்கக் கூடாது.”

பிளக்கை எதிலும் மாட்டாமல் தரையில் விட்டேன். அடிமூடியைக் கழற்றி, சால்டரிங் அயர்னை வைத்தேன். ஈயம் உருகி, பேட்டரி கையோடு வந்தது. மீட்டரில் பார்த்தால் ஒரு வோல்ட்கூட இல்லை. இந்தச் செத்த பேட்டரியா இத்தனை நாள் அவனைக் காப்பாற்றியது? ஒரு மணி நேரம் அப்படியே போட்டுவைத்தேன்.

பிறகு அடிமூடியை மாட்டி, கீபோர்டைத் திருப்பி வைத்தோம். பேட்டரி என் உள்ளங்கையில். பிளக் தரையில்.

“இனிமே அவன் இல்லல்ல?” என்றார் சக்கரபாணி.

இல்லை என்றேன்.

கடைக்குள் ஈரமண் வாசனை வந்தது.

வெளியே நல்ல வெயில்.

‘ம்ம்ம்’ என்று மெல்ல ஒரு இரைச்சல். ஸ்பீக்கர் எதுவும் மாட்டவில்லை. கீபோர்டின் சின்னத் திரை பச்சையாக எரிந்தது. மெமரியின் முதல் எண்ணில் ஆங்கில எழுத்தில் ARIVU என்றிருந்தது.

சக்கரபாணிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அதை அணைக்கக் கை நீட்டினார்.

கை ஒட்டிக்கொண்டது.

பாட்டு ஓடத் தொடங்கியது. அவர் உடம்பு முறுக்கிக்கொண்டு நடுங்கியது. கட்டையால் தட்டிவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூலையில் துடைப்பக்கட்டை இருந்தது. என் கால் நகரவில்லை, பயம்.

“வேணாங்க,” என்றார் அவர்.

குரல் அவருடையது இல்லை.

அறிவழகன் விழுந்த இடத்தில் பாட்டு நிற்கவில்லை. அதைத் தாண்டிச் சில அடிகள் போய், சட்டென்று அறுந்தது. சக்கரபாணி கீழே சரிந்தார். விரல் நுனிகள் கருகியிருந்தன. மூச்சு இல்லை.

போலீஸ் வந்து, எங்கிருந்து கரண்ட் வந்தது என்று கேட்டது. தெரியாது என்றேன். இந்தக் கீபோர்டில் ஏற்கெனவே ஒரு ஆள் செத்திருக்கிறானே, அன்று எர்த்தைக் கழற்றியது யார் என்று இன்ஸ்பெக்டர் திரும்பக் கேட்டார். விஷயம் கேள்விப்பட்டுச் செந்தாமரையும் வாசலில் வந்து நின்றாள், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது என்று இப்போது புரிகிறது.

அறிவழகன்தான் கழற்றினான் என்றேன்.

கீபோர்டைக் காலையில் எடுத்துப்போவதாகச் சொல்லி, உடலோடு அவர்கள் போனதும் கடையைப் பூட்டத் திரும்பினேன். பேட்டரி என் சட்டைப்பையில் இருக்கிறது. பிளக் இன்னும் தரையில் கிடக்கிறது.

திரை எரிகிறது. இரண்டாம் எண்ணில் SAKKAR, மூன்றாம் எண்ணில் SENGUT என்றிருக்கிறது.

பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. கடைக் கதவின் இரும்புக் கைப்பிடியில் இருக்கும் என் கையை எடுக்கப் பார்க்கிறேன்.

வரவில்லை.