வாசலுக்கு உள்ளே கிடந்த செருப்பு

கோட்டை வாசலுக்கு உள்ளே ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. வெளியே கிடந்திருந்தால் காவலாள் மாறன் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். காப்புக்காடாகிவிட்ட அந்தப் பழைய பட்டாளத்துக் கோட்டைக்குள் போகிற எவரும், வாசல் முனீஸ்வரனுக்குப் பயந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் படி தாண்டுவார்கள். இதுவோ முனை வெளியே பார்த்தபடி, யாரோ காட்டுக்குள்ளிருந்து வந்து ஊருக்குள் போகக் கழற்றியதுபோல் கிடந்தது. கனத்த தோல். அடியில் லாடம்.

மாறனுக்குக் காசிமேல்தான் சந்தேகம். கூட வேலை பார்க்கிற மனுஷர்தான், ஆனால் முழியே சரியில்லை. சந்தனமரம் வெட்டுகிறவர்களை உள்ளே விடுகிறாரோ? ரேஞ்சர் பார்த்தால் தன் வேலையும் போய்விடும். செருப்பைக் கோலால் தூக்கி வெளியே வீசிவிட்டுக் கதவைப் பூட்டினான்.

"அத ஏன்டா வெளிய போட்ட?" காசியின் முகம் வெளுத்துவிட்டது. "உள்ள கெடந்தா உள்ளயே விட்டுடணும். நாமளா வெளிய எடுத்து வச்சா, போய்ட்டு வானு வழி விட்ட மாதிரிடா."

"கதை விடாதண்ணே. யாரு செருப்பு அது?"

காசி வாசல் முனீஸ்வரனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். காலையில் பார்த்தபோது செருப்பைக் காணோம்.

அன்று பகல் முழுக்கக் காசியைவிட்டு மாறன் கண்ணை எடுக்கவில்லை. அவர் வாசலைவிட்டு நகரவே இல்லை. பொழுது சாய்ந்ததும் கோட்டையைப் பார்க்க வந்தவர்களை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினான். மயில்கள் ஒரேயடியாக அடங்கின. எண்ணெய் ஊறிய பழந்தோல் நாற்றம் வந்தது. கல்லில் லாடம் உரசும் சத்தம். நெருங்கியது. நின்றது.

போன் அடித்தது. மனைவி மதிவதனி.

"ஏங்க, பாப்பா அங்க வந்துட்டாளா? நீங்க கூட்டியாரச் சொன்னீங்கனு காசி அண்ணன் வந்தாரே. கீச்சு கீச்சுனு செருப்ப மிதிச்சிக்கினு சிரிச்சிக்கினே போனா."

"எந்தக் காசி?"

"என்னங்க கேக்கறீங்க? உங்க காசி அண்ணன்தான். லாடம் அடிச்ச செருப்பு போட்டுக்கினு வந்தாரு."

மாறன் திரும்பினான். காசி பக்கத்திலேயே நின்றார். பூட்டிய கதவுக்கு உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவுக் கம்பிக்கு அந்தப் பக்கம் அதே செருப்பு. இப்போது முனை காட்டைப் பார்த்திருந்தது. ஒட்டினாற்போல் இன்னொரு ஜோடி. சின்னது. ரோஸ் நிறம். போன பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் மகளுக்கு அவன் வாங்கிக் கொடுத்தது.

"கவிநிலா!"

யார் காலும் இல்லாத அந்தச் சின்னச் செருப்பு மெல்ல அமுங்கியது.

கீச்.