செத்த கடனுக்கு ஒரு கட்டைவிரல்

"ஐயோ...! என்னை வுட்டுட்டுப் பூட்டியே மாமா!"

கன்னையாவின் மனைவி ரத்னம்மாவின் அலறல்!

புத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

ஒருவர் சித்தூர் சிட்டிபாபு. வசூலாகாத அடமானப் பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, கடன்பட்டவர்களைப் பிழிபவர். மற்றவர் பத்திரம் எழுதும் வேதாச்சலம்.

உள்ளே பாயில்... ஓர் உடல்! கால் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

"கன்னையா செத்துட்டானா? போச்சி!" வேதாச்சலம் கிசுகிசுத்தார். "இன்னியோட பன்னெண்டு வருசக் கெடு முடியுது. அவன் கைநாட்டு இல்லன்னா நாளைக்கு இந்தப் பத்திரம் வடை மடிக்கத்தான் ஆவும். அவன் அடமானம் வெச்ச ரெண்டு காணி நிலமும் தப்பிச்சிது!"

"இந்த ஊரு ஆந்திராவா மெட்ராஸான்னே இன்னும் முடிவாவல. இவனுக்கு என்னய்யா அவசரம்?"

ரத்னம்மா தண்ணீர் முகரக் கொல்லைக்குப் போனாள். சிட்டிபாபுவின் கண்கள் மின்னின.

"விரல் இருக்குதுல்ல?"

"எ... என்னது?"

"கொஞ்சம் பணம் கட்டினதா எழுது. தேதி நேத்து போடு. கைநாட்டு வெச்சா இன்னும் பன்னெண்டு வருசம் கேஸ் போடலாம்!"

"பொணத்துக்கிட்டயா!"

"உயிரோட கீறவன் ஆயிரம் கேள்வி கேப்பான். இவன் கேக்க மாட்டான்."

வேதாச்சலம் பத்திரத்தின் பின்பக்கம் எழுதினார். சிட்டிபாபு பிணத்தின் கைக் கட்டைவிரலில் மை தடவி, பத்திரத்தில் அழுத்தினார்.

விரல்... திருப்பி அழுத்தியது!

"அம்மோ...!" என்று கையை உதறினார் சிட்டிபாபு.

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"என் பொண்டாட்டி கூட இப்டி ஆசையா கையைப் புடிச்சதில்ல சாமி!"

வேதாச்சலம் ஜன்னல் வழியாகப் பாய்ந்தார். ஆனால் சிட்டிபாபு... சிரித்தார்!

"பைத்தியக்காரா! பொணத்து கைநாட்டுன்னா மோசடி. நீதான் உயிரோட கீறியே... செல்லும்டா கன்னையா! ரெண்டு காணியும் என்னுது!"

"கன்னையாவா? நான் அவரு மச்சான் கங்கையா!"

திடுக்!

சிட்டிபாபு வாங்கியது பத்திரத்தை மட்டும்தான். கடன்பட்டவன் முகத்தை அவரோ வேதாச்சலமோ பார்த்ததே இல்லை!

குடத்தோடு உள்ளே வந்தாள் ரத்னம்மா. "ஊர்ல இல்லன்னா தேடிகினு போவே. செத்தாருன்னா திரும்பிப் போவேன்னு பாத்தோம். அவ்ளோதான் எங்க மூளை! பொணத்துக்கிட்டயே கேப்பேன்னு யாரு கண்டா?"

"கன்னையா எங்க?"

"திருப்பதியில மொட்டை போட்டுகினு கீறாரு. பொழுது சாயறதுக்குள்ள கண்டுபுடிச்சிக்கோ! பத்திரம் மட்டும் இங்க இருக்கட்டும். போலீசு பாக்கணும்."

பத்திரத்தைப் போட்டுவிட்டு சிட்டிபாபு எடுத்தார் ஓட்டம்!

துரத்த எழுந்த கங்கையா தடாலென்று குப்புற விழுந்தான்.

"மொதல்ல காலை அவுத்து வுடுக்கா!"

"இருடா. ஒரு வார்த்தை சொல்லிக்காமக்கூட ஓடுறான் பாரு!"

"சாவு வூட்ல சொல்லிகினு போவக்கூடாதுக்கா. மரியாதை தெரிஞ்ச ஆளு!"